கியூ டிப்பை மாற்றக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை

ஞாயிற்றுக்கிழமை ஸ்நூக்கர் போட்டி. புதன்கிழமை சாயங்காலம் பயிற்சிக்குப் போயிருந்தேன். பிளாக் பந்தைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு வெள்ளைப் பந்தைப் பின்னால் இழுக்க வேண்டிய சாதாரண ஸ்க்ரூ ஷாட். அடித்தேன், 'டக்'கென்று வறட்டுச் சத்தம். வெள்ளை எங்கோ ஓடியது. பச்சைத் துணியின் மேல் சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று உருண்டு கிடந்தது. என் கியூவின் டிப், அதாவது பந்தை அடிக்கும் கோலின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல். எடுத்துப் பார்த்தேன். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஓரமெல்லாம் காளான் குடை மாதிரி விரிந்திருந்தது, நடுவில் தோல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டு வருடம் முன்பு 16,500 ரூபாய் சேர்த்து வைத்து வாங்கிய ஆஷ் மரக் கியூ. கடையில் இருந்து வந்த அதே டிப்பை அன்றுவரை நான் மாற்றியதே இல்லை. மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது யோசித்தால், டிப் மாதக்கணக்கில் எச்சரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முன்பு அடித்தால் 'தொப்' என்று மெத்தென்ற சத்தம் வரும், அது மெல்ல மெல்ல 'டிக்' என்று மாறியிருந்தது. டிப் வழுக்காமல் இருக்கப் பூசும் சாக்கைத் தடவினால் நிற்காமல் பொடியாக உதிரும். வாரத்துக்கு ஒன்றிரண்டு மிஸ்க்யூ, அதாவது டிப் பந்தில் வழுக்கிப்போவது, வந்தபோது என் கைதான் சரியில்லை என்று நினைத்து, நிற்கும் விதத்தை மாற்றினேன், பிடியை மாற்றினேன். இரண்டு மாதம் என் ஆட்டத்தையே கலைத்துப்போட்டேன். உங்களுக்கும் திடீரென்று மிஸ்க்யூ கூடினால் முதலில் டிப்பைப் பாருங்கள். தோல், கியூ நுனியில் மரத்தைச் சுற்றியிருக்கும் பித்தளை வளையத்துக்கு வெளியே பிதுங்கியிருக்கிறதா, மேற்பரப்பு மினுமினுக்கிறதா, உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டதா என்று பார்த்தால் போதும். உடம்பை மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் இருப்பது கோயம்புத்தூர். இங்கிருந்து மலை ஏறினால் ஊட்டி. 1882-ல் அங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்நூக்கரின் விதிகளை எழுதி மாட்டினார்கள் என்பது இந்த ஆட்டத்தைத் தொட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த பெருமை. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அன்று ராத்திரி டிப் மாற்ற ஆள் தேடியபோது, தெரிந்தவர்கள் எல்லோரும் 'மார்க்கர்கிட்ட குடுத்துருங்க' என்றுதான் சொன்னார்கள். மேசையைத் துடைத்து, பந்து அடுக்கி, ஸ்கோர் எழுதுகிறவர். நல்ல மனிதர், உதவ வேண்டும் என்றுதான் செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தும் வாய் திறக்கவில்லை என்ற வருத்தம் இன்றும் போகவில்லை.

இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். வளையத்தின் மேல் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் குளூவை நாலைந்து சொட்டு விட்டார். டிப்பை வைத்து அமுக்கினார், பசை நாலு பக்கமும் வழிந்தது. அப்புறம் சுவருக்கு அடிக்கும் முரட்டு உப்புத்தாளை எடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த தோலைத் தேய்க்க ஆரம்பித்தார். தோலோடு பித்தளையும் தேய்ந்தது, பித்தளைக்குக் கீழே இருந்த மரமும் தேய்ந்தது. வெள்ளை மரத்தூள் அவர் தொடையில் விழுந்தது. 'அண்ணா, மரத்துல படுதுங்களே' என்று தொண்டைவரை வந்தது. உதவி செய்கிறவரைக் குறை சொல்ல வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். 200 ரூபாய் கொடுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது.

வியாழனும் வெள்ளியும் சேர்த்து ஆறு மணி நேரம் ஆடிப் பார்த்தேன், மேசைக்கு மணிக்கு 180 ரூபாய் வாடகை. டிப்பின் ஒரு பக்கம் மெத்தென்றும் இன்னொரு பக்கம் கல் மாதிரியும் இருந்தது. நீர்த்த பசையைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சிய இடம் இறுகிப் பிளாஸ்டிக் ஆகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கியூவைக் கையில் எப்படித் திருப்பிப் பிடிக்கிறேனோ அதற்குத் தகுந்த மாதிரி வெள்ளை வேறு வேறாக ஓடியது. புது டிப் பழக வேண்டும், சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று, மூன்று ஃப்ரேம் ஆட்டம். ஆளுக்கொரு ஃப்ரேம் எடுத்திருந்தோம். மூன்றாவதில் மேசையில் ப்ளூ, பிங்க், பிளாக் மட்டும். நான் 4 புள்ளி பின்னால். ப்ளூ தன் இடத்திலேயே நிற்கிறது, நடுப் பாக்கெட்டுக்கு நல்ல கோணம். கொஞ்சம் ஸ்க்ரூ கொடுத்து வெள்ளையைப் பிடித்து நிறுத்தினால் பிங்க்குக்கு வந்துவிடும். நூறு தடவை போட்ட ஷாட். சாக் தடவினேன், குனிந்தேன், அடித்தேன். வழுக்கியது. வெள்ளை ப்ளூவைத் தொடாமலே ஓரமாகப் போய் நின்றது. ஃபவுல், எதிராளிக்கு 5 புள்ளி. அவர் வந்து ப்ளூவைப் போட்டு இன்னும் 5 எடுத்தார். இப்போது நான் 14 பின்னால், மேசையில் மிச்சம் இருப்பதோ பிங்க் 6, பிளாக் 7, மொத்தம் 13. கை கொடுத்துவிட்டு வெளியே வந்து வண்டி ஸ்டாண்டில் பைக் மேல் உட்கார்ந்திருந்தேன். நுழைவுக் கட்டணம் 800 ரூபாய் போனது பெரிதில்லை. ஆறு மாதம் காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து பழகியதெல்லாம் ஒரு பொத்தான் அளவுத் தோலில் போய்விட்டதே என்று நெஞ்சு அடைத்தது.

அதற்கப்புறம் யாரிடமும் கொடுப்பதில்லை, நானே செய்வேன் என்று முடிவெடுத்தேன். முடிவு சரி, தொடங்கிய விதம் தப்பு. விலை கூடினால் தரமாக இருக்கும் என்று 1,200 ரூபாய்க்கு அடுக்குத் தோல் டிப் ஒன்று வாங்கினேன். பழைய டிப்பை எடுக்கப் பிளேடை வளையத்தின் பக்கமாக அழுத்தியபோது கை நழுவி, ஆள்காட்டி விரலில் நல்ல வெட்டு, பித்தளையில் ஒரு பள்ளம். புது டிப்பை ஒட்டினேன், மூன்றாம் நாள் கழன்று விழுந்தது. விழுந்ததைத் திருப்பி ஒட்டும்போது பசையை அதிகமாக விட்டு அதையும் கல்லாக்கினேன். பிறகு 80 ரூபாய் எல்க் மாஸ்டர் பிராண்ட் டிப் இரண்டு போட்டேன், இரண்டும் நிற்கவில்லை. ஒன்று ஃப்ரேமின் நடுவிலேயே பறந்தது. பழகாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முதல் நாலைந்து தடவை விலை குறைந்த டிப்பிலேயே பழகுங்கள். கை பழகாமல் விலை கூடிய டிப்பை வாங்கினால் அந்தப் பணமும் பசையோடு போகும்.

எனக்கு வழி காட்டியவர் ஸ்நூக்கர் மேசையையே பார்த்திராத ஒருவர். எங்கள் தெரு முக்கில் செருப்புத் தைக்கிற ஐயா. செருப்பு வார் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது சட்டைப் பையில் இருந்த டிப்பை எடுத்துக் காட்டி, 'ஐயா, இது தோலுதானுங்களே, ஏன் ஒட்ட மாட்டேங்குது?' என்று கேட்டேன். வாங்கித் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கத்தைக் கட்டை விரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். 'ஏந்தம்பி, அடி இப்படி வழவழன்னு இருந்தா பசை எங்க புடிக்கும்? சுரண்டி நாரு தெரியோணும். ஒட்டுற எடமும் சொரசொரன்னு இருக்கோணும். பசைய ஊத்தாதீங்க, தடவுங்க' என்றார். தன்னிடம் இருந்த அரத்தில் நான்கு இழுப்பு இழுத்துக் காட்டினார். மினுமினுப்பு போய், பஞ்சு மாதிரி நார் எழுந்தது. என் கையில் விழுந்த டிப்புகளின் அடிப்பக்கம் எல்லாம் வழவழப்பாகவே இருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

இன்னொரு கோளாறு வளையத்தில் இருந்தது. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்துத் தேய்த்து அதன் முகம் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் ஆகியிருந்தது. தட்டையான டிப் மேட்டின் மேல் உட்கார்ந்தால் நடுவில் மட்டும்தான் பிடிக்கும், ஓரத்தில் அடி விழும்போது நெம்பிக்கொண்டு போய்விடும். இரும்பு ஸ்கேலின் விளிம்பை வளையத்தின் மேல் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடைவெளி தெரியும். என் கியூவில் நன்றாகவே தெரிந்தது. பிளேடு பள்ளமும் சேர்ந்ததால் வளையத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. கோவையில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. ஒரு பட்டறை அண்ணன் வெர்னியர் வைத்து அளந்து பார்த்தார். வாங்கும்போது 9.5 மில்லிமீட்டர் இருந்த நுனி 9.1 ஆகியிருந்தது. பித்தளைக் கம்பியில் அதே அளவுக்கு வளையம் கடைந்து, பழையதை லேசாகச் சூடு காட்டிக் கழற்றி, எபாக்சி போட்டு உட்கார வைத்தார். 650 ரூபாய். 'தம்பி, பித்தளை போனா வேற கடைஞ்சு தரலாம், மரம் போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க' என்றார். அந்த 0.4 மில்லிமீட்டர் மரம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது.

மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மார்க்கருக்கு 200, போட்டிக்கு 800, கெட்ட டிப்போடு வீணாக ஆடிய 12 மணி நேர வாடகை 2,160, விலை கூடிய டிப் 1,200, கற்றுக்கொள்ளும்போது கெடுத்த எல்க் மாஸ்டர் ஐந்துக்கு 400, பசை, பிளேடு, உப்புத்தாள் 150, வளையம் 650. ஆக 5,560 ரூபாய். கிட்டத்தட்ட மூன்று மாதம் ஒழுங்கான ஆட்டமே இல்லை.

இப்போது நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன், விரல் வெட்டிக்கொள்ளாமல் செய்யலாம். முதலில் டிப்பைத் தேர்ந்தெடுப்பது. எல்க் மாஸ்டர் ஐம்பது ஐம்பதாகப் பெட்டியில் வரும், ஆனால் ஒரே பெட்டியில் உள்ளதெல்லாம் ஒன்றாக இருக்காது. கிரானைட் மேடையிலோ மொசைக் தரையிலோ ஒரு சாண் உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுச் சத்தம் கேளுங்கள். 'டங்' என்று கணீரென ஒலிப்பது இறுகிய தோல், 'தொம்' என்று மந்தமாக விழுவது தொளதொளப்பு. எனக்குப் பிடித்தது கணீர்ப் பக்கம். அது சீக்கிரம் பிதுங்காது. மெத்தென்று வேண்டுபவர்கள் நடுத்தரத்தை எடுக்கலாம். எதுவானாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று நான்கைச் சேர்த்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை மாற்றும்போது கைக்கு வேறு கியூ மாதிரித் தெரியாது. அளவு வளையத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். என் 9.1 வளையத்துக்கு 9.5 டிப் போடுகிறேன்.

பழைய டிப்பை எடுக்கும்போது, ஒரே வெட்டாக எடுக்கப் பார்க்காதீர்கள். கியூவை மெத்தை மேல் கிடத்தி, பிளேடைத் தோலில் மட்டும் படுகிற மாதிரி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுங்கள், பிளேடின் போக்கு எப்போதும் உங்கள் கையை விட்டு வெளியே. கடைசியில் காகிதம் மாதிரி ஒரு அடுக்குத் தோலும் பசையும் வளையத்தில் நிற்கும். அதை உப்புத்தாளில்தான் எடுக்க வேண்டும். விரலில் தாளைச் சுற்றக் கூடாது. தாளைக் கண்ணாடி மேலோ டைல்ஸ் மேலோ தட்டையாக ஒட்டி, கியூவை நேர்குத்தாக நிறுத்தி, வளையத்தின் முகத்தை அதன் மேல் இரண்டு மூன்று சுற்று மட்டும் சுழற்றினால் போதும். பசை போனதும் நிறுத்திவிடுங்கள். மரத்தின் வெட்டுமுகம் நடுவில் வெளேரென்று தெரியும், சுற்றிப் பித்தளை புதிதாக மின்னும். அப்புறம் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே ஒட்டைக் கெடுக்கப் போதும்.

டிப்பின் அடியை நார் தெரியும்வரை, ஆனால் சாயாமல், அதே தட்டைத் தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். பசை ஜெல் வகையாக இருக்கட்டும், ஓடாதது. துவரம் பருப்பில் பாதி அளவு போதும். அதை வளையத்தின் முகத்தில் மெல்லப் பரப்பி, டிப்பை நடுவாக வைத்து, நாலு பக்கமும் ஒரே அளவு வெளியே நீட்டுகிறதா என்று சட்டென்று பாருங்கள். நகர்த்த ஐந்தாறு நொடிதான் கிடைக்கும். பிறகு கியூவைத் தலைகீழாக நிறுத்தி ஒரு நிமிடம் நேராக அமுக்குங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். நான் ராத்திரி ஒட்டிவிட்டுக் காலையில்தான் தொடுவேன்.

காலையில் வளையத்தையும் அதற்குக் கீழே இரண்டு அங்குல மரத்தையும் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்றுப் போட்டு மூடிவிடுவேன். அந்த மார்க்கருக்கும் எனக்கும் அன்று இது ஒன்று தெரிந்திருந்தால் போதும், 0.4 மில்லிமீட்டர் மிச்சமாகியிருக்கும். கியூவைத் தலைகீழாகப் பலகை மேல் நிறுத்தி, நீட்டிக்கொண்டிருக்கும் தோலை வளையத்தின் விளிம்பிலிருந்து பலகையை நோக்கிக் கீழ்முகமாகச் சிறு சிறு துண்டாக நறுக்குங்கள். புதுப் பிளேடு வேண்டும், மழுங்கியது தோலைப் பிய்த்துவிடும். மிச்சத்தை 400 நம்பர் தாளில் வளையத்தோடு சமமாகும்வரை தேய்த்து, பக்கவாட்டில் மட்டும் நாக்கு எச்சிலோ தண்ணீரோ லேசாகத் தொட்டு, ஒரு துண்டுப் பழைய பெல்ட் தோலால் வேகமாக அழுத்தித் தேயுங்கள். சூடேறி, பக்கம் கறுத்து, மெருகு வரும். அந்த மெருகுதான் டிப்பைச் சுற்றிப் போட்ட வேலி, அது இருந்தால் பிதுங்குவது வெகுவாகக் குறையும்.

கடைசியாகத் தலை வளைவு. வளைவு எதற்கென்று புரிந்தால் சரியாகச் செய்வீர்கள். பந்தை நடுவில் அடிக்கும்போது எந்த டிப்பும் போதும். கீழேயோ பக்கத்திலோ அடிக்கும்போது தட்டை டிப் என்றால் அதன் விளிம்புதான் பந்தில் படும், அது நழுவும். வளைந்திருந்தால் தோலின் நல்ல பகுதி படும். இதற்கும் எல்லை உண்டு. பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஏறத்தாழ 13 மில்லிமீட்டருக்கு மேல் விலகி அடித்தால் எவ்வளவு நல்ல டிப்பும் வழுக்கத்தான் செய்யும். வளைவுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இப்போதைய ஒரு ரூபாய் நாணயம். கியூவின் பின்னால் நாணயத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு வளைவும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஒரு பக்கமே தேய்க்காமல் நான்கு இழுப்புக்கு ஒரு தரம் கியூவைக் கால் சுற்றுத் திருப்பித் தேயுங்கள். கியூவின் நுனிக்குத் தோல் தலை போட்ட யோசனைக்குப் பிரான்சுவா மெங்கோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் சொல்வார்கள், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தோல் வந்த பிறகுதான் வெள்ளைக்கு இவ்வளவு சுழற்சி கொடுக்க முடிந்தது. ஸ்க்ரூ போட்டு வெள்ளை திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மனிதர்மேல் நன்றிதான் வரும்.

போட்டபின் பராமரிப்பு அதிகம் இல்லை. சாக் கட்டியைக் கியூ தலையில் வைத்துத் துளை போடுகிற மாதிரிச் சுழற்றாதீர்கள். நடுவில் குழி விழுந்த சாக்கின் விளிம்பு பித்தளையையும் மரத்தையும் உரசிக்கொண்டே இருக்கும், டிப்பின் ஓரத்தில் சாக்கே ஏறாது. பெயின்ட் பிரஷ் மாதிரி மேலிருந்து லேசாகத் தடவுங்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால். மேற்பரப்பு மினுமினுத்தால் மட்டும் மெல்லிய தாளில் ஒரு தொடு தொட்டுச் சொரசொரப்பாக்குங்கள். சிலர் ஆணி மாதிரி ஊசிகளால் குத்துவார்கள், அதைப் பழக்கமாக்கினால் தோல் சீக்கிரம் நைந்துபோகும். பிதுங்கல் தெரிந்த அன்றே டேப் சுற்றி ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றிவிடுங்கள், நான் ஒரு வருடம் விட்ட மாதிரி விடாதீர்கள். வெயிலில் காருக்குள் கியூவை வைத்துவிட்டுப் போக வேண்டாம். வாரம் ஐந்தாறு மணி நேரம் ஆடுகிற எனக்கு ஒரு டிப் நான்கு ஐந்து மாதம் வருகிறது.

போட்டிக்கு மூன்று நாள் முன்னால் டிப் மாற்றுவது தற்கொலைக்குச் சமம் என்பதை அனுபவத்தில் கண்டவன் சொல்கிறேன். புதுத் தோல் அடி வாங்கி இறுகி, வளைவு கொஞ்சம் அமுங்கி, மறுபடி ஒரு தடவை தேய்த்துச் சரிசெய்து நிலைக்கு வர எனக்குப் பத்து மணி நேர ஆட்டமாவது ஆகிறது. அதுவரை வெள்ளை கொஞ்சம் சோம்பலாகவே திரும்பும், அதைப் பார்த்துப் பயந்து டிப்பைப் பிடுங்கிவிடாதீர்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மறுபடி அதே போட்டி. நேற்று ராத்திரி ஒட்டினேன், இன்று காலை நறுக்கி மெருகேற்றி, எட்டு மணிக்கு முதல் ஆளாக மேசைக்குப் போய் அதே இடத்தில் ப்ளூவை வைத்து அடித்துப் பார்த்தேன். 'தொப்' என்றது. வெள்ளை ஒரு சாண் பின்னால் வந்து நின்றது. இன்னும் ஒன்பது மணி நேரம் ஆட வேண்டியிருக்கிறது.